மூன்று கிலோ பித்தளை

தெமோதரைத் தோட்டத்து இராக்கம்மா பத்தொன்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் காம்பு பொறுக்கினாள். காய்ந்த தூளுக்குள் கலந்து கிடக்கும் சிவப்புக் காம்பை நாள் முழுக்கக் குனிந்து பிரித்தெடுக்கிற வேலை. தோட்டம் அந்த வேலைக்கு ஒரு மெஷின் வாங்கிய பிறகு, பதுளையிலிருந்து ஹாலி-எல போகும் வீதியில் இருந்த ஒரு பட்டறையில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தாள். அங்கே முற்றத்தில் பழைய இரும்பு ஒரு மலையாகக் குவிந்து கிடந்தது. கலந்து கிடக்கிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. யாரும் சொல்லாமலே மூன்று மாதத்தில் அந்த மலையை ஆறு குன்றாகப் பிரித்து வைத்தாள். முதலாளி கிருஷ்ணராஜ் ஒருநாள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கூட்டுவதற்கு வேறு ஆள் எடுத்தார்.

பட்டறையைத் தொடங்கியவர் கிருஷ்ணராஜின் அப்பா இராசையா. தேயிலைத் தொழிற்சாலைகளில் மெஷின் திருத்தியவர். அவர் காலத்தில் அது ஒரு தகரக் கொட்டகையும் ஒரு கடைசல் மெஷினும் பித்தளை உருக்க ஒரு கரி அடுப்பும்தான். டொலர் இல்லாமல் நாடு தவித்த வருடத்தில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் கப்பல் ஏறவில்லை. கொஸ்லந்தையிலிருந்து வெலிமடை வரை தொழிற்சாலைகளில் தேய்ந்த பாகங்களை மாற்ற வழியில்லை. கிருஷ்ணராஜ் அம்மாவின் நகையை வைத்து, கொழும்பில் யாரோ கைவிட்ட ஒரு மின் உலையை வாங்கிவந்து, துருப்பிடிக்காத எஃகைத் தானே உருக்கி வார்க்கத் தொடங்கினார். முதலில் வார்த்த நான்கும் வெடிப்பு விட்டு நொறுங்கின. ஐந்தாவது நின்றது. அதற்குப் பிறகு நாட்டில் டொலர் வந்தது, ஆனாலும் தொழிற்சாலைக்காரர்கள் அவரை விட்டுப் போகவில்லை. அரிப்பைத் தாங்கும் எஃகு, சூட்டைத் தாங்கும் எஃகு, தேயாத எஃகு என்று வகை கூடியது. ஆளும் முப்பத்தொன்றாகக் கூடியது.

இந்த மாதிரி எஃகில் சமையலைப் போல ஒரு கை கூடக் குறையப் போட முடியாது. நிக்கல் இவ்வளவு, குரோமியம் இவ்வளவு, செம்பு இதற்கு மேல் கூடாது என்று தாளில் இருக்கும். போடுகிற பழைய இரும்பு சுத்தமாக இருந்தால்தான் இறங்குகிறது சுத்தமாக இருக்கும். ஆகவே முழுக் கம்பனியும் கடைசியில் இராக்கம்மாவின் முற்றத்தின் மேல் நின்றது. காந்தத்தை வைத்துப் பார்ப்பாள், சாணைச் சக்கரத்தில் தேய்த்து நெருப்புப்பொறி எப்படிப் பறக்கிறது என்று பார்ப்பாள், இரண்டும் போதாவிட்டால் தட்டிக் கேட்பாள். அவளைத் தாண்டி ஒரு பித்தளை ஆணி உலைக்குப் போனதில்லை. இதை அவளே சொல்லமாட்டாள். ஆனால் மற்றவர்கள் சொல்லும்போது மறுக்கவும் மாட்டாள்.

கொழும்புப் பக்கத்தில் தண்ணீர்ப் பம்பு செய்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனி, வருடத்துக்கு நாற்பது தொன் வார்ப்பு எடுக்கத் தயார் என்று சொன்னபோது கதை தொடங்கியது. ஒருதடவை உலையை நிரப்பி உருக்கி இறக்குவதை அங்கே ‘ஹீட்’ என்பார்கள். மூன்று ஹீட் சோதனையில் தேற வேண்டும். இரண்டு பழைய உலையில் தேறிவிட்டன. மூன்றாவது, இந்த வேலைக்கென்றே கடன் எடுத்து வாங்கிய ஐந்நூறு கிலோ புது உலையில், அவர்களுடைய பரிசோதகரின் கண் முன்னால் நடக்க வேண்டும். தேறினால் இராக்கம்மாவுக்கு முற்றத்தின் பொறுப்பாளர் என்று கடிதம் தருவதாக கிருஷ்ணராஜ் சொல்லியிருந்தார். தோட்டத்தில் அவள் வீட்டில் யாருக்கும் கடிதத்தோடு ஒரு வேலை இருந்ததில்லை. அந்தக் கடிதம் அவளுக்கு வேண்டும். மிகவும் வேண்டும்.

பரிசோதகராக வந்தவள் நபீலா என்ற பொறியியலாளர். முப்பது வயது இருக்கும். தேத்தண்ணீர் வேண்டாம், சுடுதண்ணீர் போதும் என்றாள். பதுளையில் இப்படிச் சொல்கிறவரை யாரும் உடனே நம்பிவிடமாட்டார்கள்.

புது உலைக்கு உட்பூச்சு இறுகுவதற்காக முதல்நாளே சாதாரண இரும்பு ஒரு தரம் உருக்கிக் கொட்டியாகிவிட்டது. அது கணக்கில் இல்லை, கொட்டிவிடுகிற இரும்பு. ஆகவே தொழிலாளிகள் அதைக் கும்பிடவும் இல்லை. மறுநாள் காலை ஒன்பது பன்னிரண்டுக்கு நல்ல நேரம். சூடம் கொளுத்தி, பூசணிக்காய் உடைத்து, எல்லாரும் வரிசையாக வந்து பூவைத் தட்டில் போட்டுவிட்டு உலையைக் கும்பிட்டுப் போனார்கள். தோட்டத்துக் கோயிலுக்கு மணி வார்க்கும்போது ஊர்ச்சனம் தன் பங்குக்கு ஒரு பொட்டுப் பித்தளையாவது உருகுகிற குழம்பில் போடும். போடாதவன் அந்த மணிச் சத்தத்தை எந்த முகத்தோடு கேட்பான்? அந்த வழக்கம் இவர்களோடு மலை இறங்கி பட்டறைக்கும் வந்திருந்தது. நபீலா அப்போது அலுவலக அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

இராக்கம்மா பார்த்தாள். உலைக்காரர் கபிரியேல் கழுத்திலிருந்த அந்தோனியார் பதக்கத்தைக் கழற்றிப் போட்டதைப் பார்த்தாள். வார்ப்புக்கு மண் அச்சுச் செய்யும் தனுஜா முந்தானை முடிச்சை அவிழ்த்ததையும் பார்த்தாள். இன்னொருவன் ஒரு சாவியைப் போட்டான். மூன்றும் சேர்ந்து நூறு கிராம் வராது, சாமி காரியம் என்று வாயை மூடிக்கொண்டாள். அவளும் போட்டாள். அவள் போட்டது அதே வகை எஃகில் ஒரு நட்டு, பொறி பார்த்து, காந்தம் பார்த்து எடுத்தது. சாமிக்கும் குறையில்லை, உலைக்கும் குறையில்லை.

சற்று நேரத்தில் உலையிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்தது. வெளியே வந்த நபீலா அது என்ன என்று கேட்டாள். சூடம் என்று கபிரியேல் சொன்னார். பித்தளையில் இருக்கும் துத்தநாகம் எரிந்தால்தான் அப்படி வெள்ளையாகப் புகையும் என்று கபிரியேலுக்கும் தெரியும், இராக்கம்மாவுக்கும் தெரியும். நபீலாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டாள்.

மாதிரித் துண்டைச் சோதனை மெஷினில் வைத்தார்கள். அரை நிமிடத்தில் பதினைந்து பொருளின் பெயரும் அளவும் தாளில் வந்தன. செம்பு நூற்றுக்கு 0.50 தாண்டக் கூடாது. முந்திய இரண்டு ஹீட்டிலும் 0.34. இதில் 0.71.

நபீலா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐந்நூறு கிலோவில் இவ்வளவு செம்பு ஏறவேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்று கிலோ பித்தளை உள்ளே போயிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். அது எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் வேண்டும். காரணம் தெரிந்தால் இந்த ஹீட்டை மட்டும் தள்ளிவிட்டு இன்னொன்று தரலாம். தெரியாவிட்டால் குற்றம் பழைய இரும்பில்தான், முற்றம் முழுவதற்கும் முத்திரை வைக்க வேண்டும், ஓடரும் இல்லை. தான் மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றாள்.

இராக்கம்மா நேரே வார்ப்புக் கொட்டகைக்குப் போய் எல்லாரையும் நிறுத்தினாள்.

“யார் யார் என்னா போட்டீங்கன்னு ஒளிக்காம சொல்லுங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. நான் கோவிச்சுக்குவேன்.”

கபிரியேல்தான் முதலில் வாய் திறந்தார். அதற்குப் பிறகு திறக்காத வாய் இல்லை. தான் போட்ட ஒன்று என்ன செய்துவிடும் என்றே ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். ஒரு பூட்டு. இரண்டு சாவி. ஒரு தண்ணீர்க் குழாயின் தலை. மாட்டு மணி ஒன்று. ஒருத்தி கல்யாணத்துக்கு வந்த சொம்பையே கொண்டுவந்திருந்தாள், அதைச் சேலைக்குள் எப்படி மறைத்தாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. சில்லறைக் காசு போட்டவர்கள் ஒன்பது பேர். இப்போதைய காசெல்லாம் பெரும்பாலும் இரும்பு என்பதால் அவர்கள் கணக்கில் வரவில்லை. அரசாங்கம் அந்த அளவுக்கு உதவி செய்திருந்தது. தனுஜா போட்டது ஒரு தங்கத் தோடு. மெஷினின் பதினைந்து பெயரில் தங்கம் இல்லை. அவள் அதைக் கேட்டுவிட்டு அழுதாள். தோடு போனதற்கு அழுதாளா, மெஷின் கண்டுகொள்ளாததற்கு அழுதாளா என்று இராக்கம்மா கேட்கவில்லை.

உருகிப்போனதை எப்படி நிறுப்பது? பழைய பித்தளை போட்டுவைத்த தொட்டியைக் கவிழ்த்து, சொன்ன ஒவ்வொன்றுக்கும் அதே அளவில் ஒன்றைத் தேடியெடுத்துத் தராசில் வைத்தாள். இரண்டு மணிக்குள் முப்பது பேரின் பக்தியும் நிறுத்து முடிந்தது. இரண்டு கிலோ நூறு கிராம்.

இன்னும் தொள்ளாயிரம் வேண்டும். மறுபடி கேட்டாள். திட்டினாள். ஒருவனும் ஒன்றும் ஒளிக்கவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. அப்படியானால் முற்றத்திலிருந்தா? தன் கண்ணா தவறியது? இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவளுக்குத் தன்மேல் சந்தேகம் வந்தது. பயமாக இருந்தது.

அலுவலக அறையில் நபீலா இராக்கம்மாவின் நிறைக்கணக்குத் தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சொம்பு என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றாள். பிறகு, இந்தத் தொள்ளாயிரம் கிராமுக்கு ஆள் இல்லாதபடியால் அதை முற்றத்தின் பிழை என்றுதான் எழுத வேண்டும் என்றாள்.

கிருஷ்ணராஜ் உடனே, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பழைய இரும்பில் கலந்து வந்திருக்கும், முற்றத்துக்கு வேறு ஆள் போட்டு எல்லாவற்றையும் திரும்பப் பிரிப்போம், ஓடரை மட்டும் இன்னொரு தரம் யோசியுங்கள் என்றார்.

வேறு ஆள் என்ற சொல்லைத் தாண்டி இராக்கம்மாவால் வரமுடியவில்லை. வந்தபோது வேறொன்று உறைத்தது. லொறிக் கூலியில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு மணிநேரம் வாதாடுகிற மனிதர் இவர். நாற்பது தொன் ஓடர் கைவிட்டுப் போகிறது, ஒரு பேச்சுக்குக்கூட இல்லை என்று சொல்லவில்லை. குற்றத்தை இவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறவர் அதைவிடப் பெரியது ஒன்றை மறைக்கிறார். காலையில் வரிசையின் முன்னால் சூடத்தட்டோடு நின்றவரும் இவர்தான். தாளில் முப்பது பேர் இருந்தார்கள். முப்பத்தோராவது ஆள் அவள்தான், அவள் நட்டும் எழுதியாகிவிட்டது. முதலாளியை யாரும் ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை.

“மொதலாளி, நீங்க என்னா போட்டீங்க?”

கிருஷ்ணராஜ் மேசையைப் பார்த்தார். நபீலா பேனாவை மூடவில்லை.

“ஒரு புஷ்” என்றார் கடைசியில். “அப்பா வார்த்தது. தேயிலை உருட்டுற மெஷின்ல தண்டு சுத்துற வளையம். அவர் கையால வார்த்த மொத சாமான்.”

“பித்தளையா?”

“ஆமா.”

நிறை தெரியாது என்றார். இராக்கம்மா கையால் அளவு காட்டச் சொன்னாள். இரண்டு கையையும் குவித்து அவர் காட்டினார். அதைப் பிடித்துப் பழகிய கை என்று தெரிந்தது. அவள் முற்றத்துக்குப் போய்ப் பித்தளைத் தொட்டியிலிருந்து அதே மாதிரி ஒரு பழைய புஷ்ஷைக் கொண்டுவந்து, அவர் முன்னால் தராசில் வைத்தாள். தொள்ளாயிரத்துப் பத்து.

நபீலா எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘திறப்பு விழா’ என்று எழுதினாள். இனி நடக்காமலிருக்க என்ன செய்யப்படும் என்ற கட்டத்தை இராக்கம்மா சொல்லச் சொல்ல நிரப்பினாள். புது உலைக்குக் காணிக்கை போடுகிறவர்கள் உட்பூச்சு இறுக்கும் முதல் உருக்கில் மட்டும் போட வேண்டும், நிறுத்து எழுதிவிட்டுப் போட வேண்டும். முற்றத்தில் பிழையில்லை என்று தனியாக ஒரு வரி வேண்டும் என்றாள் இராக்கம்மா. நபீலா அதையும் எழுதினாள். இந்த ஹீட் தள்ளப்பட்டது, பத்து நாள் கழித்து இன்னொன்று.

நபீலாவின் வான் போனபிறகு கிருஷ்ணராஜ் முற்றத்துக்கு வந்தார். இராக்கம்மா பித்தளைச் சாமான்களைத் திரும்பத் தொட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“கோவமா இருக்கீங்களா, ராக்கம்மா?”

“ஆமாங்க.”

அவர் போகவில்லை. ஒரு புஷ்ஷைப் போட்டுக் கெடுத்ததாக எல்லார் முன்னாலும் சொல்ல வாய் வரவில்லை, உங்கள் தலையில் கட்டியது தப்பு என்றார். தப்பு என்று அவளுக்கும் தெரியும். பிறகு அவர் தகட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு, அப்பாவுடையது என்று தன்னிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான், தள்ளின எஃகோடு அதுவும் போய்விட்டது என்றார். அவர் உலையில் போட்டதை அவளால் மன்னிக்க முடிந்தது. தன்னைப் போடப் பார்த்ததைத்தான் அன்றைக்கு முடியவில்லை.

பத்தாம் நாள் நபீலா வந்தாள். சூடம் இல்லை, வெள்ளைப் புகையும் இல்லை. சோதனைத் தாளில் செம்பு 0.38. தேறிவிட்டது. ஆனால் முந்திய இரண்டும் 0.34 ஆயிற்றே, இந்த நாலு எங்கிருந்து வந்தது என்று நபீலா கேட்டாள். இராக்கம்மா உலையில் போட்ட சாமான் பட்டியலை நீட்டினாள். கடைசி வரியில், தள்ளின ஹீட்டிலிருந்து ஐம்பது கிலோ என்று இருந்தது.

“அந்த நாலும் எங்க ஆளுங்க, மிஸ். எல்லைக்குள்ளதான் நிக்கிறாங்க.”

கிருஷ்ணராஜ் பட்டியலை வாங்கி அந்த வரியைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அதில் இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது என்று மெல்லக் கேட்டார்.

“ஒம்பது ஹீட்டுக்கு வரும்” என்றாள் இராக்கம்மா. “என் கடுதாசியக் குடுத்தா, ஒவ்வொரு தரமும் கூப்பிட்டுக் காட்டுறேன்.”