காசிராஜன் கட்டிய பைகள்

முப்பதை நெருங்கிய ஆம்பளை, அதுவும் முன்மண்டை வழுக்கையோடு, மாணவர் சலுகைச் சீட்டை நீட்டினால் கண்டக்டர் சிரிக்காமல் என்ன செய்வார்? போடியில் காசிராஜனுக்கு அது பழகிப்போயிருந்தது. தம்பிக்காரன் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து, கல்யாணமும் முடித்துவிட்டான். அண்ணன் இன்னும் தேனீயைப் பற்றி முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான். “எப்பப்பா முடிப்பே?” என்று அவனைத் துக்க வீட்டில்கூடக் கேட்டார்கள்.

அவன் ஆராய்ச்சிக்குக் கைடாக இருந்த பேராசிரியர் ராஜாராம் மகா கோபக்காரர். கொடுத்த அத்தியாயத்தை மாசக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, “எங்கிட்ட எப்பக் கொடுத்தே?” என்பார். 1981 டிசம்பரில் அவருக்கு ஓய்வு. அதற்கு முன் வரும் பூக்காலத்தில் தோட்டத்துச் சோதனை தேறாவிட்டால் புதுக் கைடு, புதுத் தலைப்பு, மறுபடி முதலிலிருந்து என்று ஆகிவிடும். அதை நினைத்தாலே காசிராஜனுக்குச் சோறு இறங்காது.

தேனீ வந்து உட்காராவிட்டால் ஏலப்பூ காயாகாது. இதைத்தான் அவன் நிரூபிக்க வேண்டும். ஏலச்செடியின் பூச்சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும். அதைத் துணிப்பைக்குள் விட்டு வாயை இறுக்கிக் கட்டினால் தேனீ நுழையாது, காயும் பிடிக்கக் கூடாது. அப்பாவின் மல்லு வேட்டியைக் கிழித்துப் பைகள் தைத்தான். ஈர மண்ணில் அழுகாமலிருக்க இரண்டு குச்சிகளை ஊன்றி, நடுவில் பையைத் தூக்கிக் கட்டினான். போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், வனப்பேச்சி சாமிக்கல்லுக்குப் பக்கத்து மூலையைக் கங்காணி ஒதுக்கிக் கொடுத்தார். “பேச்சிக்குப் பயந்து ஒருத்தன் காயில கை வைக்க மாட்டான்” என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. காயில் யாரும் கை வைக்கவில்லை.

பூக்கிற காலம் முழுக்க அவனால் மலையேற முடியவில்லை. கைடு எடுக்க வேண்டிய வகுப்புகளை அவர் சார்பில் அவன்தான் எடுத்துக்கொண்டிருந்தான். புரட்டாசியில் பைகளைப் பார்க்க அவரோடு ஜீப்பில் வந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து அவர் சிடுசிடுவென்று இருந்தார். அவர் முகம் கழுவப் போன நேரத்தில் காசிராஜன் முன்னால் ஓடி முதல் பையைத் திறந்தான்.

உள்ளே பச்சைப் பசேலென்று காய்கள். நடுவில் மஞ்சள் பூசிய ஒரு கூழாங்கல். அடுத்த பையிலும் அதே கதை. அவன் போட்ட கூச்சலில் காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் வேலுத்தாய் என்பவள் முன்னால் வந்தாள்.

“நாந்தான் தம்பி மொதல்ல வச்சேன். பேச்சிக்கு முன்னால வெள்ளத் தொட்டிலா ஆடுச்சு. யாரோ பிள்ள வரம் கேட்டுக் கட்டியிருக்காகன்னு நெனச்சேன். எனக்கும் கல்யாணமாகி வருசம் ஓடிப்போச்சுல்ல. பிள்ளையா நெனச்சு ஒரு கல்ல வச்சுக் கும்பிட்டேன். என்னயப் பாத்து மத்தவளுகளும் வச்சாளுக.”

“திரும்ப இறுக்கியாச்சும் கட்டியிருக்கக் கூடாதாக்கா?”

“தொட்டிலுக்குள்ள காத்து வர வேணாமா தம்பி?”

யாரைத் திட்டுவது? கல்லை வீசிக் காயை உருவிப்போட்டால் கைடுக்குத் தெரியப்போவதில்லை. கை காய்வரைக்கும் போய்விட்டது. ஆனால் வேலுத்தாய் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை எடுத்துக்கொண்டான். கைடு வந்ததும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

அவர் கத்தவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து பைகளைக் காட்டச் சொன்னார்.

“இதுல கல்லு?”

“இருக்கு சார்.”

“காய்?”

“இருக்கு சார்.”

“அதுல?”

“கல்லு இல்ல சார்.” எட்டிப் பார்த்தான். பூ வாடி உதிர்ந்து சரம் மொட்டையாகக் கிடந்தது. “காயும் இல்ல சார்.”

கடைசிப் பைவரை அப்படியே இருந்தது. கல் வைக்கத் தளர்த்திய பைகளில் தேனீ நுழைந்திருந்தது. யாரும் தொடாத பைகளில் ஒரு காய்கூட இல்லை.

கைடு எழுந்தார். “முட்டாளே, ஒரு பையக்கூடத் திறந்து விடாம எல்லாத்தையும் மூடியே கட்டியிருக்கே. துணி பட்டுத்தான் காய் பிடிக்கலன்னு தேர்வாளர் சொன்னா என்ன பதில் சொல்லியிருப்பே? இப்பப் பாரு. அதே துணி, அதே நிழல். திறந்ததுல காய், மூடினதுல இல்ல. நீ செய்யாம விட்டத இவங்க செஞ்சுட்டாங்க. இனி மலைக்கு வராதே. போய் எழுது. டிசம்பருக்குள்ள கையெழுத்துப் போடணும்.”

அவர் ஜீப்பை நோக்கி நடந்தார். காசிராஜன் சேற்றிலேயே பொத்தென்று உட்கார்ந்தான். நெஞ்சில் வருஷக்கணக்காகக் கிடந்த பாரம் இறங்கியதில் கண்ணீர் கொட்டியது. வேலுத்தாய் பதறிப்போனாள்.

“பெரிய வாத்தியார் என்ன சொன்னாரு தம்பி? எங்களால படிப்புப் போச்சா?”

“போகலக்கா. முடிஞ்சிருச்சு.”

“முடிஞ்சா சந்தோசந்தான? எந்திரிங்க. எதுக்கு இப்பிடி அழுகுறீக?” என்று கேட்டுக்கொண்டே அவளும் அழுதாள்.