டிபன் டப்பாவில் வளையல்

போன ஞாயிறு எனக்கு வளைகாப்பு. பிரசவம் வரை கழற்றக் கூடாது என்று சொல்லித்தான் மாமியார் கண்ணாடி வளையல் போட்டுவிட்டார்.

திங்கள் காலையே கழற்றிவிட்டேன். சர்ஜரி பி.ஜி. படிக்கிறேன். வளையலோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் விடமாட்டார்கள்.

இன்று டியூட்டி முடிந்து பஸ் ஏறினேன். புன்னைக்காயல் போகிற மீன்கார அக்கா ஒருவர் என் வயிற்றைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். அப்புறம் கையைப் பார்த்தார்.

“ஏளா, கை ஏன் மூளியா கெடக்கு? வளையல் போடலியா?”

“போட்டாங்கக்கா. ஆபரேஷன்ல நிக்கணும்லா, கழட்டி டிபன் டப்பால வச்சிருக்கேன்.”

“வயித்துப்பிள்ளைக்கு வளையல் சத்தம் கேக்கணும்லா!”

காலையிலிருந்து ஆறு மணி நேரம் அது கேட்டதெல்லாம் ரத்தம் உறிஞ்சும் சக்‌ஷன் மெஷினும் சீஃப் டாக்டர் திட்டும்தான்.

“லீவு போட்டா என்ன?”

“பரீட்சை ஆறு மாசம் தள்ளிப் போயிரும்க்கா.”

அக்கா என் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். என் வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்துக் கலகலவென்று குலுக்கினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“பிள்ள கேட்டுக்கிடட்டும். நீ தூங்கு.”

தூங்கிவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப்.

நாளை காலை எட்டு மணிக்கு ஒரு பித்தப்பை ஆபரேஷன். தியேட்டர் வாசலில் நின்று டப்பா குலுக்க ஆள் வேண்டும். உங்களில் யாருக்காவது லீவு கிடைக்குமா?