மழை வருமென்று சொன்ன மகள்

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்ததும் பத்திரிகையில் வானிலைச் செய்தி நின்றுபோனது. மழை எப்போது பெய்யும் என்பதும் போர் ரகசியமாம். வானொலியை ஒளித்துவைத்து வெளிநாட்டுச் செய்தி கேட்டவர்களை ராணுவப் போலீஸ் இழுத்துக்கொண்டு போனது. காஜா பெராங் என்ற எங்கள் பகுதியில், எங்கள் வீட்டு வரிசையிலேயே ஒரு வீடு அப்படிக் காலியானது.

அந்த வீட்டுக்கு ஓர் ஆள் தனியாகக் குடிவந்தார். என்ன வேலை செய்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் ஒரு பிடி அரிசிக்கு அலைந்த நாளில் அவர் வாயில் சிகரெட் இருந்தது.

அந்த ஆண்டு வெயில் நீண்டது. கிணற்றில் சேறுதான் மிச்சம். எல்லோரும் மரவள்ளிக்கிழங்கைச் சீவித் தகரக் கூரையில் காயவைத்தோம், இரவிலும் எடுப்பதில்லை. வெயில் முடியும் தறுவாயில், கடலுக்கு அப்பால் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் காற்றும் மழையும் வந்து மோதும். எந்த நாள் என்றுதான் தெரியாது.

என் பதினான்கு வயது மகளுக்கு அது தெரிந்தது. மாலையில் மேற்கே தாழ மின்னி, காற்று அசையாமல் புழுங்கினால், "நாளைக்கு விடியக்காலைல மழை" என்பாள். கிணற்றடியில் பெண்களிடமும் சொன்னாள். இரண்டு முறை அப்படியே பெய்தது. அவர்கள் கிழங்கு தப்பியது.

கணக்கெழுதும் கிராணியான என்னிடம் பேச, புதியவர் வேலியோரம் வந்து நின்றார்.

"கிராணியாரே, மக சொன்னா சொன்னபடி பெய்யுதே. வீட்டுல என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. வானத்தப் பாத்துச் சொல்லுது, சின்னப்புள்ள."

"நானும்தான் தெனம் பாக்கறேன். வானம் எங்கிட்ட வாயே தொறக்க மாட்டேங்குதே!"

சிரித்துக்கொண்டே எங்கள் சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒளித்துவைத்த வானொலியைத்தான் தேடுகிறார் என்று புரிந்தது. மழையைச் சொன்னவள் அவள். அவர் சொல்லிப் போலீஸ் கூட்டிப்போனால் அவளைத்தான் முதலில் கேட்பார்கள்.

சில நாள் கழித்து மேற்கே மறுபடி மின்னியது. மகள் கூரைக்கு ஏணி வைத்தாள். நான் அவளைத் தடுத்துவிட்டேன்.

"மழை வரும்ப்பா."

"தெரியும். பேசாம இரு."

வீட்டுக்குள் இருந்த கிழங்கையும் கொண்டுவந்து, அவர் பார்க்கும்படி கூரை முழுக்கப் பரப்பினேன். கிணற்றடியில் கேட்ட பெண்களிடம் மகள், "எனக்கென்னக்கா தெரியும், எதுக்கும் எடுத்து வச்சிருங்க" என்றாள். அதைக்கூடச் சொல்லியிருக்க வேண்டாமே என்று நினைத்தேன்.

விடியுமுன் தகரம் அதிர்ந்தது. நானும் மகளும் விழித்துக்கொண்டே படுத்திருந்தோம், யாரும் எழவில்லை. காலையில் எங்கள் கிழங்கு கூழாகிச் சாக்கடையில் கிடந்தது.

"என்ன கிராணியாரே, இன்னிக்கு ரேடியோ ரிப்பேரா?" என்று கத்தினார் அவர்.

வரிசையே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். அது வெறும் கேலியா, எங்களை விட்டுவிட்டதற்கு அடையாளமா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

மகள் சாக்கடையோரம் குந்தி, கரையாத துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இனிமே ஒங்ககிட்ட மட்டும் சொல்லட்டுமாப்பா?"

"எங்கிட்டயும் வேணாம்மா" என்றேன்.