குரலைக் கொடும், இல்லையென்றால் வகுப்பைக் கொடும்

கண் விழித்ததும் தண்ணீர் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் திரும்பவில்லை. மறுபடியும் கேட்டேன். அப்போதுதான் எனக்கே புரிந்தது. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

போன வருஷம் பிப்ரவரி மாதம் அது. கழுத்தில் இருந்த தைராய்டு கட்டியை எடுத்திருந்தார்கள். கட்டி புற்றுநோய் இல்லை என்று ரிசல்ட் வந்தது. ஸ்தோத்திரம் சொன்னேன், உதட்டால் மட்டும். மூன்றாம் நாள் டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். இடது பக்கக் குரல் நாண் அசையவில்லை, அதற்குப் போகும் நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார். "ஆறு மாசத்துல வரலாம், ஒரு வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம்மா. பேச்சுப் பயிற்சி எடுங்க." தண்ணீர் குடித்தால் புரை ஏறியது. பேசினால் ஓட்டை பலூனிலிருந்து காற்று போகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான் நான்.

என்னைத் தெரியாத சகோதர சகோதரிகளுக்குச் சொல்கிறேன். என் பெயர் ஜெபசீலி. உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பயோமெடிக்கல் துறையில் பதினான்கு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். நோயாளிக்குப் பயன்படும் கருவிகளை எப்படி வடிவமைப்பது என்பதுதான் என் பாடம். அறுபது பேர் உட்காரும் வகுப்பில் மைக் இல்லாமல் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல் எனக்கு. வராண்டாவில் போகிறவனுக்கும் ஈசிஜி புரிந்துவிடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். சபையிலும் பாட்டு எடுத்துக் கொடுப்பது நான்தான். அந்தக் குரல்தான் போனது.

சபையார் எனக்காக உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். அதை மறக்க மாட்டேன். ஆனால் ஏப்ரல் மாதம் ஒரு சகோதரி வீட்டுக்கு வந்து, "மனசுல ஏதாவது மறைச்சு வச்சிருக்கியாம்மா? அறிக்கை பண்ணிடு, குரல் வந்துடும்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வாசலைக் காட்டினேன். அது தப்பென்றால் தப்புதான், மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் டைம்டேபிள் ஒட்டினார்கள். அதில் என் பெயருக்கு நேராக ஒரு வகுப்பும் இல்லை. லேபில் பழைய சாமான்களைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதும் வேலை தந்திருந்தார்கள். பிரின்சிபால் அறைக்குப் போனேன். பேப்பரில் எழுதிக் கேட்டேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பேசறது முதல் பெஞ்சுக்கே கேக்கல. பேரண்ட்ஸ் கேள்வி கேப்பாங்க. தாளாளரும் அதான் சொல்றார். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்" என்றார் அவர்.

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று எழுதிக் காட்டினேன். அவர் வேறு ஃபைலைப் பிரித்தார். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் வாங்கிக்கொண்டு மறுநாள் மறுபடி அவர் அறைக்குப் போனேன். என் மூச்சுக்காற்று மைக்கில் பட்டு உஸ்ஸென்று இரைந்தது. "பஸ் ஸ்டாண்டுல மருந்து விக்கறவங்க மாதிரி இருக்கு மேடம்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் லேப் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். நான் செய்த ஜெபத்தை அப்படியே எழுதுகிறேன். அழகுபடுத்தினால் பொய்யாகிவிடும்.

"ஆண்டவரே, இந்தக் குரலை நான் சினிமாப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன். உம்மைப் பாடினேன். எதற்காக எடுத்தீர்? பொறுமை கற்றுக்கொள் என்று யார் சொன்னாலும் இனி கேட்க மாட்டேன். குரலைக் கொடும், இல்லையென்றால் வகுப்பைக் கொடும். இரண்டில் ஒன்று கொடுக்காமல் இந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கதவைத் தட்டும் சத்தம். எழுந்திருக்கவில்லை. சபதம் செய்திருந்தேனே. கதவு திறந்தது. லேப் அட்டெண்டர் தேவகி உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"அழுவாதீங்க மேடம். உங்களுக்குக் காத்தாவது வருது. என் வூட்டுக்காரருக்கு அதுவும் இல்ல. தொண்டைல கேன்சர்னு மொத்தமா எட்த்துட்டாங்க. கழுத்துல ஓட்ட போட்டு வுட்டுக்கீறாங்க, அதுலதான் மூச்சி. இன்னா வேணும்னாலும் தட்டக் கரண்டில தட்டிக்கினு கீறாரு, ரெண்டு வருஷமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷமாக ஒரே லேபில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். என்ன உடம்புக்கு என்று நான் கேட்டதே இல்லை.

தேவகி சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த ரூமுல இவ்ளோ மிஷினு கீதே மேடம். பேசறதுக்கு ஒண்ணுகூடவா இல்ல?"

இருக்கிறது. குரல்வளை இல்லாதவர்கள் கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் கருவி ஒன்று உண்டு. டார்ச் லைட் மாதிரி இருக்கும். அது அதிரும், அதிர்வு வாய்க்குள் போகும், நாக்கும் உதடும் அதைச் சொல்லாக மாற்றும். பதினான்கு வருஷமாக அதை ஒரே ஒரு ஸ்லைடில் நடத்திவிட்டுக் கடந்திருக்கிறேன். இரண்டு மார்க் கேள்வி. ஒரு நாளும் கையில் தொட்டதில்லை.

நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன். கேட்டது கிடைத்ததா என்று யோசிக்கக்கூட இல்லை.

மறுநாள் காலை பிரின்சிபால் முன்னால் போய் நின்றேன். இந்த முறை எழுதவில்லை. வருகிற காற்றை வைத்தே பேசினேன். "சார், கடைசி வருஷத்துக்கு டிசைன் வகுப்பு எனக்கு வேணும். இல்லன்னா, குரல் போனதால இவங்களுக்கு வகுப்பு கிடையாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் வாங்கிட்டுப் போயிடறேன்."

அவர் பேனாவை எடுத்தார், வைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். "ரெண்டு மாசம், மேடம். ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் மாத்திடுவேன்."

வகுப்பில் முதல் நாள் போர்டில் எழுதினேன்: இந்தப் பருவத்தில் நாம் ஒரே ஒரு கருவி செய்யப்போகிறோம், ஒரே ஒரு மனிதருக்காக. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்து ஓரமாக வைத்தால் இரைச்சல் குறைகிறது என்று மாணவர்களே கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள்.

தேவகியின் கணவர் ஏகாம்பரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். உத்திரமேரூர், சாலவாக்கம் ரூட். அந்தப் பக்கத்துக்காரர்கள் பலருக்கு அவர் குரல் தெரியும். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, கல்லூரிக் குழுவின் ஒப்புதலும் வாங்கிய பிறகு, புதன்கிழமைதோறும் வரச் சொன்னோம்.

முதலில் செல்போனில் இருக்கும் வைப்ரேட்டர் மோட்டாரைப் போட்டோம். கொசு மாதிரி ரீங்காரம்தான் வந்தது. பிறகு சின்ன ஸ்பீக்கரின் கம்பிச்சுருளை எடுத்து, அதன் மேல் பிளாஸ்டிக் மூடி பொருத்தினோம். ஜோதிலட்சுமி என்ற மாணவி அதைத் தன் கழுத்தில் வைத்து, சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைத்தாள். "கா-ஞ்-சி-பு-ரம்" என்று இயந்திரக் குரல் வந்தது. வகுப்பே கைதட்டியது.

ஏகாம்பரத்தின் கழுத்தில் வைத்தோம். ஒன்றும் வரவில்லை. கேன்சருக்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்த கழுத்து கட்டை மாதிரி இறுகியிருந்தது. அதிர்வு உள்ளே போகவே இல்லை. மூடியை மாற்றினோம், விசையைக் கூட்டினோம். அடுத்த புதனும் அதே. மூன்றாவது புதன் அவர் கருவியை மேஜையில் வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார். பஸ் ஸ்டாப்பில் அவர் தனியாக நிற்பதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி ஆண்டவரோடு சண்டை போட்டேன். "எனக்கு இல்லையென்றால் போகட்டும். அந்த மனிதனுக்கு ஆசை காட்டி இழுத்து வந்தது நான். என்னைப் பொய்க்காரி ஆக்காதேயும். அவருக்குக் கொடும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்." வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு எனக்குக் குரல் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.

நான்காவது புதன் அவர் வர மாட்டார் என்று நினைத்தேன். தேவகி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "வர்லன்னு தட்டத் தட்றாரு மேடம். நீ தட்டிக்கினே கெட, நான் வுட மாட்டேன்னு சொல்லிக் கூட்டியாந்துட்டேன்."

மாணவர்கள் கழுத்தில் எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் பொறுமை இழந்து கருவியை வெடுக்கென்று பிடுங்கினார். தாடைக்குக் கீழே வைத்தார். இல்லை. காதுக்குக் கீழே. இல்லை. கன்னத்தில் வைத்து அழுத்தினார். வாயைத் திறந்தார்.

"தே-வ-கி."

தேவகி வாயைப் பொத்திக்கொண்டார். ஏகாம்பரம் மறுபடி கன்னத்தில் வைத்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்:

"மோட்டார... ஆஃப்... பண்ணியா?"

தேவகி தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்புமாக, "ரெண்டு வருஷம் கயிச்சி வாயத் தொறந்து இன்னா கேக்கறான் பாரு இந்த மனுசன்! வூட்டுத் தண்ணி மோட்டாரக் கேக்கறான்!" என்றார். ஜோதிலட்சுமி அழுதாள். பையன்களும் அழுதார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, காற்றாக வந்த குரலில், "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிலர் கேட்பீர்கள். கன்னத்தில் வைத்தது அவர், கருவி செய்தது மாணவர்கள், இதில் கர்த்தர் எங்கே வந்தார் என்று. கன்னத்தில் வைத்தும் பயன்படுத்தலாம் என்பது எங்கள் துறையில் தெரிந்த விஷயம்தான். அவசரத்தில் நாங்கள் தவறவிட்டோம். பாடமே நடத்தத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்டவள் கதவை ஒரு தேவகி வந்து தட்ட வேண்டும், வர மாட்டேன் என்றவரை அவர் இழுத்து வர வேண்டும், அந்த மனிதருக்குக் கோபம் வந்து கருவியைப் பிடுங்க வேண்டும். இதையெல்லாம் யார் கோத்தது? நான் பொறியியல் படித்தவள். தற்செயல் என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், இது கர்த்தர் கை.

இரண்டாவது மாதக் கடைசியில் பிரின்சிபால் சொல்லாமல் வகுப்புக்கு வந்தார். கையில் ஒரு தாள். அப்போது போர்டுக்கு முன்னால் நின்றது நான் இல்லை, ஏகாம்பரம். மாணவர்கள் செய்த புது மாடலைக் கையில் வைத்துக்கொண்டு விளாசிக்கொண்டிருந்தார். "இந்த பட்டன்... கட்ட வெரலுக்கு... எட்டல. ஒரு கைல பை... ஒரு கைல மிஷினு. பஸ்ல எத்தப் புட்சிக்கினு... நிப்பான் மனுசன்?"

பிரின்சிபால் கதவருகிலேயே நின்றார். பிறகு மாணவர்களைப் பார்த்து, "மேடம் நடத்தறது எல்லாருக்கும் கேக்குதா?" என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஜோதிலட்சுமி எழுந்தாள். "கேக்குது சார். மேடம் மெதுவா பேசறாங்கன்னு நாங்க யாரும் பேசறதில்ல. மத்த வகுப்புலதான் சார் ஒண்ணும் கேக்காது."

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. மறுவாரம் டைம்டேபிளில் என் பெயருக்கு நேராக மூன்று வகுப்புகள் இருந்தன.

இந்த வருஷம் மறுபடி தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். இடது நாண் அசையவில்லை. பயிற்சியால் கொஞ்சம் சத்தம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். சபையில் நின்று இதைச் சொல்லுங்கள் என்று போதகர் ஐயா கேட்டார். இரண்டாவது வரிசையைத் தாண்டாது ஐயா, எழுதித் தருகிறேன் என்றேன். முன்பு வீட்டுக்கு வந்த அதே சகோதரி, "குரல்தான் வரலியே, அப்புறம் என்ன சாட்சி?" என்று கேட்டாராம்.

இதுதான் சாட்சி. இரண்டில் ஒன்று கேட்டேன். ஒன்று தந்தார். இன்னொன்றை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், விடவில்லை. பதினான்கு வருஷம் கருவிகளைப் பற்றிப் பேசினேன். இப்போது ஒவ்வொரு பருவமும் முதலில் ஒரு மனிதரை வகுப்பில் உட்காரவைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறோம். பக்கத்தில் இருக்கிறவர்களிடம் வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று நான் இப்போது விசாரிக்கிறேன். இதைக் கற்றுக்கொடுத்த தேவகி நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. ஆண்டவர் அதைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அன்பானவர்களே, உங்களைக் கழித்துவிட்டு யாராவது பட்டியல் போட்டிருந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அடக்கமாகத்தான் ஜெபிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு போங்கள். நான் அப்படித்தான் போனேன், அவர் என்னைத் துரத்தவில்லை. உங்கள் தெருவில் பேச்சு இழந்தவர் யாராவது இருந்தால், ஒரு புதன்கிழமை மதியம் எங்கள் லேபுக்கு அழைத்து வாருங்கள். நானும் பிள்ளைகளும் இருப்போம். ஏகாம்பரம் அண்ணனும் இருப்பார். சத்தம் போட்டு வரவேற்பது அவர் வேலை.