மாதாவுக்குக் கொடுக்காத மெழுகுக் கால்

எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுக் கால் நிற்கிறது. மாதா கோயில் வாசல் கடையில், உடம்பு குணமானால் செலுத்தும் நேர்ச்சைக்குக் கை, கால், கண் என்று விற்பார்களே, அந்த மாதிரி. ஆனால் கடையில் கிடைப்பது உள்ளங்கையில் அடங்கிவிடும். இது ஆள் காலளவு, முட்டிக்கு மேல் ஒரு சாண் வரை. சொல்லிச் செய்தது. சுண்டு விரலில் நகம்கூட உண்டு. பேத்தி போனில் முகம் காட்டிப் பேசும்போதெல்லாம், "ஆயா, அந்தக் கால காட்டேன்" என்பாள். என் முகத்தைவிட அதன்மேல்தான் அவளுக்கு ஆசை. எனக்கும் சிரிப்பு வந்துவிடும். போன் அணைந்த பிறகு வீட்டில் நானும் அந்தக் காலும்தான்.

செய்யச் சொன்னவர் என் வீட்டுக்காரர். காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டைக் கிடங்குகளுக்கு டிரைலர் ஓட்டினார். தங்கமான மனுஷன், மீன் மட்டும் வாங்கத் தெரியாது. கடலோரத்தில் பிறந்துவிட்டு, கண் வெளுத்த சங்கராவை ஏதோ புதையல்போலத் தூக்கி வருவார். அது கிடக்கட்டும். அவருக்கு மனசு ஒரே மட்டத்தில் நிற்காது. கலியாணமான புதிதில் ஒரு தள்ளுவண்டி தர்பூசணியை மொத்தமாக வாங்கி, எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நின்ற டிரைலர்காரர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தார். தூக்கமில்லை, வாய் ஓயவில்லை. நானும் சிரித்துக்கொண்டே தட்டு பிடித்தேன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதற்கு இருதுருவ நோய் என்று பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார். தவறாமல் போட்டார். பல வருஷம் எந்தக் குறையும் இல்லை.

ஒரு மழை நாளில் டிரைலரிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து முழங்கால் சில்லு நொறுங்கிப்போனது. கம்பெனி கைகாட்டிய எலும்பு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். வேறு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா என்று நர்ஸ் கேட்டதுதான் தாமதம், "டீ மட்டும்தான் சிஸ்டர்" என்று முந்திக்கொண்டார். அந்தப் பெண் போனதும் என்னிடம், "தல மாத்திரனு தெரிஞ்சா சீட்ட கிழிச்சிருவானுங்கமே" என்றார். வேலை போய்விடும் என்று டிரைவர்கள் சர்க்கரை வியாதியைக்கூட அப்படித்தான் மறைப்பார்கள். அது தெரியாமல் ஆஸ்பத்திரியில் வலிக்கு வீரியமான மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

வீடு வந்து கொஞ்ச நாளில் வலி போன இடம் தெரியவில்லை. பட்டைக் கட்டோடு எழுந்து நின்றார். பக்கத்து வீட்டுக் கதவுக்குக் கேட்காமலே நீலப் பெயிண்ட் அடித்தார். மெழுகுக் காலுக்குச் சொன்னார், பேண்டு வாத்தியத்துக்குச் சொன்னார், தெரு முழுக்கப் பிரியாணி என்றார். "அக்கா, மாதா கண்ண தொறந்துட்டாக்கா!" என்று பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கதவு நீலமானதற்குக்கூட அவள் கோபப்படவில்லை. வாசலில் அவர் ஒற்றைக் காலில் ஆட, தெருவே கை தட்டியது. "இன்னாமே, மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? காலு வந்துருச்சுமே!" என்று சிரித்தார். தர்பூசணி வெட்டும்போது சிரித்த அதே சிரிப்பு. அத்தனை கூட்டத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துப் பயந்தவள் நான் ஒருத்திதான். யாரிடம் சொல்வது? மாதா கொடுத்ததை நோய் என்று சொன்னால் என்னைத்தான் பைத்தியம் என்பார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். அதனால், "டாக்டரம்மாவ வூட்டு விசேஷத்துக்கு நேர்ல போய் கூப்புட வேணாமா? ஆள் வுட்டு சொன்னா மரியாதையா?" என்றேன். உடனே சட்டையை மாட்டிக்கொண்டார். பழைய மாத்திரை, வலி மாத்திரை இரண்டு பைகளையும் இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோ ஏறினேன். வழியெல்லாம் பாட்டு. டோல்கேட் சிக்னலில் போலீஸ்காரரையும் பிரியாணிக்குக் கூப்பிட்டார். டாக்டரம்மாவிடம் தாம்பூலத் தட்டை நீட்ட, "கண்டிப்பா வரேன். நீங்க தூங்குறீங்களா, அத மொதல்ல சொல்லுங்க" என்றார் அவர். பிறகு பைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்த வலி மாத்திரை அபின் வகைம்மா. வலிக்கு நல்லதுதான். ஆனா இவர மாதிரி இருக்கறவங்க சில பேர மேலே தூக்கி விட்டுடும். பட்டுனு நிறுத்தவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம்."

குறைக்கக் குறைக்க மனுஷன் தரைக்கு வந்தார். கூடவே வலியும் வந்தது. வேறு மாத்திரைகள் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. பேண்டும் வரவில்லை, பிரியாணியும் இல்லை. முட்டி பழையபடி மடங்கி நிமிராததால் டிரைலரும் போய்விட்டது. தெருவில் கை தட்டியவர்கள் எங்கள் வாசலைக் கடக்கும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். மெழுகுக் கால் மட்டும் சொன்ன நாளுக்குச் சரியாக வந்து சேர்ந்தது. கோயிலில் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். "வலி கீதே, எப்டிமே குடுக்கறது? மாதாகிட்டயே டூப் வுட சொல்றியா?" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆனா அந்த நாலு நாளு ஷோக்கா இருந்துச்சுல்ல?" என்று கேட்டார். இருந்தது என்றேன். பொய்யில்லை.

அதற்கப்புறம் சாயங்காலம் தோறும் கட்டிலில் காலை நீட்டுவார். முட்டியில் ஈரத்துணி சுற்றி மெதுவாக நிமிர்த்திவிடுவேன். அப்போது பேசிக்கொண்டே இருப்போம், பெரும்பாலும் மீனைப் பற்றி. போன மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார்.

இப்போது கத்திரி வெயில். தகரக் கூரைக்குக் கீழே மெழுகு இளகி, அந்தக் காலும் முட்டியில் மடங்குகிறது. பேத்தி, "ஆயா, அது உக்காரப் போகுது!" என்று கத்தினாள். சாயங்காலமானதும் அதைக் கட்டிலில் படுக்கவைத்து, ஈரத்துணி சுற்றி, மெதுவாக நிமிர்த்துகிறேன். இன்றைக்கு நல்ல சங்கரா வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டே.