கடல் பக்கம் திரும்பிய கூடைக்காரி

காலை 7.10. தாம்பரத்தில் ஏறியதும் ஜன்னலோர இடம் கிடைத்தது. அதனாலேயே அந்த நாளின் மீது எனக்கு அளவுகடந்த நம்பிக்கை வந்துவிட்டது. பீச் ஸ்டேஷனில் வண்டி மாறித் திருவொற்றியூரில் இறங்கும்போது மணி ஒன்பது. டிக்கெட் பத்து ரூபாய். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் புகுந்து போக ஷேர் ஆட்டோவுக்கு இருபது.

"சிலை பாக்கவா சார்? சீக்கிரம் பாத்துக்கோ. அத்த எடுக்க சொல்லி குப்பத்துல பேஜார் பண்ணிக்கினு கீறாங்கோ" என்றார் டிரைவர். மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பு விழா. திறப்பதற்கு முன்பே எடுக்கச் சொன்னால் எப்படி?

9.30. கடற்கரைச் சாலையோரம் பழைய குடோன் ஒன்று கலைக்கூடமாகியிருக்கிறது. உள்ளே கிழிந்த வலைகளில் தைத்த ஓவியங்கள், எண்ணூர்ப் புகைபோக்கிகளின் புகைப்படங்கள். வெளியே, மணலில், பன்னிரண்டு அடி உயரத்தில் இரும்புக் கூடைக்காரி. தலையில் மீன் கூடை, அதைப் பிடித்தபடி தூக்கிய ஒரு கை, சாலையைப் பார்த்த முகம். உடைத்த கப்பலின் தகடுகளை வெட்டி ஒட்டிச் செய்தவர் ஸ்டெல்லா, ராயபுரத்துக்காரர்.

"முகத்துக்கு மட்டும் மூணு மாசம் ஆச்சு சார்" என்றார். அழுகிற நிலையில் இருந்தார்.

பிரச்சினையைச் சொன்னவர் ஏழுமலை, படகுக்காரர். கரைக்கு வரும் வழியில் தண்ணீருக்கடியில் பாறாங்கற்கள் கிடக்கின்றன. ஊருக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நேராகப் பார்த்து ஓட்டினால்தான் தப்பலாம். இப்போது சிலை தொட்டியை மறைக்கிறது. முந்தின நாள் ஒரு படகின் அடிப்பாகம் கல்லில் உரசிவிட்டதாம்.

"செல்போனில் மேப் இருக்குமே?" என்று மேதாவியாகக் கேட்டேன்.

"அலை தூக்கி அடிக்க சொல்ல, இன்ஜின புடிப்பனா, செல்ல புடிப்பனா? நீயே வந்து பாரு."

11.00. ஏழுமலையின் ஃபைபர் படகில் ஸ்டெல்லாவும் நானும். கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள்ளாகவே காலையில் தின்ற இட்லி நினைவுக்கு வந்தது. ஏழுமலை படகைத் திருப்பி நிறுத்தினார். சொன்னது உண்மைதான். தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் கூடைக்காரியின் முதுகுதான் தெரிந்தது. அவள் தூக்கிய கைக்கும் தலைக்கும் இடையே ஒரு சந்து இருந்தது, ஆனால் தொட்டி இருக்கும் பக்கத்தில் இல்லை, தலைக்கு மறுபக்கத்தில்.

"தங்கச்சி, சிலை சோக்காத்தான் கீது. அப்டியே இந்தாண்ட திருப்பிட்டா, அந்தக் கை இந்தப் பக்கம் வந்துடும். சந்துல டேங்கு தெரியும்."

"முகம் கடலுக்குப் போயிடுமே அண்ணே. ரோட்டுல வர்றவங்க முதுகத்தான பாப்பாங்க?"

ஏழுமலை சிரித்தார். "கடல்லேந்து போட்டு வர சொல்ல, கூடைக்காரி ரோட்டயா பாத்துக்கினு நிப்பா?"

ஸ்டெல்லா திரும்பிச் சிலையைப் பார்த்தார். "எங்கம்மாவும் கூடை தூக்குனவங்கதான்" என்றார் பிறகு. "போட்டு வர்ற திசையத்தான் பாத்துட்டு நிப்பாங்க. நானே தப்பா வெச்சிருக்கேன்."

1.15. பீடத்தின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றினார்கள். எடுக்கச் சொன்ன அதே குப்பத்து ஆட்கள் கயிறு கட்டி, 'ஏலேலோ' போட்டு இழுத்துச் சிலையைக் கடல் பக்கம் திருப்பினார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

மாலை 4.00. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் முதுகைப் பார்த்துக் குழம்பினார்கள். "முகம் பாக்கணும்னா கீழ எறங்கி வாங்க" என்று ஸ்டெல்லா எல்லோரையும் செருப்போடு மணலில் இறக்கினார். நல்ல புடவைகளெல்லாம் அலையில் நனைந்தன. யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

5.20. ஒரு படகு வந்தது. கற்களுக்கு நடுவே, எங்கும் தயங்காமல், நேராக வந்து மணலில் ஏறியது. ஓட்டி வந்தவர் குதித்து இறங்கி, "கை சந்துல டேங்கு கரெக்டா குந்திக்கினு கீது" என்று கத்தினார். அன்றைக்கு அந்தச் சிலைக்குக் கிடைத்த விமர்சனம் அது ஒன்றுதான்.

இரவு தாம்பரத்தில் இறங்கி நடந்தேன். எங்கள் ரவுண்டானாவிலும் ஒரு சிலை உண்டு. பதினைந்து வருடமாக அதைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போகிறேன். அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று அன்றுதான் நின்று பார்த்தேன்.