இறால் கோதுக்கு அனுமதி தேவையில்லை

இறக்குமதியாகும் எந்த இரசாயனத் தூளுக்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். விண்ணப்பித்தால் பதினான்கு நாட்களில் பதில் கிடைக்கும். சுற்றறிக்கையின் ஆறாம் பந்தி அப்படித்தான் சொன்னது. யுத்தகாலத்தில், கைற்றோசான் தூளுக்காக மூன்று பிரதிகளில் விண்ணப்பித்தேன். பதினான்கு நாட்கள் போயின. பிறகு இரண்டு மாதங்களும் போயின.

கைற்றோசான் என்பது இறால், நண்டு ஓடுகளிலிருந்து, அதாவது கோதுகளிலிருந்து, எடுக்கும் சர்க்கரைச் சங்கிலி. அதை நனோ துகளாக்கினால் மருந்தையும் மரபணுவையும் சுமந்து உயிரணுவுக்குள் சேர்க்கும். எங்கள் ஆய்வுகூடத் தலைவி கலாநிதி நிர்மலாவின் திட்டம் அது. மாத முடிவுக்குள் துகளைக் காட்டாவிட்டால் திட்டம் மூடப்படும் என்று மேலிடம் எழுதிவிட்டது.

"தூள் இல்லாம என்னத்தைக் காட்டுறது, மிஸ்டர் ராஜன்?"

"இறக்குமதிக்குத்தான் அனுமதி வேணும், மெடம். கொட்டாஞ்சேனைச் சந்தைக்கு வேண்டாம்."

சந்தையில் மீன் விற்ற மேரியக்கா சிரித்தார். "இறால் வேண்டாமாம், கோது மட்டும் வேணுமாம்! வீட்டில எத்தினை பூனை, ஐயா?"

"ஒண்டுதான். அது பிஎச்டி முடிச்ச பூனை."

சோதனைச் சாவடியில் சிப்பாய் பையைத் திறந்தான். மருந்து செய்ய இறால் கோது என்று சிங்களத்தில் சொன்னேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, "யன்ன, யன்ன!" என்று துரத்தினான். அடையாள அட்டையைக்கூடக் கேட்கவில்லை. அந்த வருடத்தில் அது முதல் தடவை.

அமிலத்தில் சுண்ணாம்பையும் காரத்தில் புரதத்தையும் நீக்கி, செறிந்த காரத்தில் சூடாக்கினேன். கைற்றோசான் என்றால் அசெற்றிக் அமிலத்தில் கரையவேண்டும்; கிடைத்த தூள் கரையவேயில்லை. தவறு என்னுடையது: கோதைப் பெரிய துண்டுகளாகவே போட்டிருந்தேன், காரம் உள்ளே இறங்கவில்லை. அடுத்த முறை வெள்ளவத்தை வீட்டுக் கிரைண்டரில் பொடித்தேன்; தூள் கரைந்தது. மனைவி அதன்பின் அந்தக் கிரைண்டரைத் தொடவில்லை.

மாதம் முடிய இரண்டு நாட்கள். சுழன்றுகொண்டிருந்த கரைசலுக்குள், சங்கிலிகளைத் துகளாகச் சுருட்டும் பொலிபொஸ்பேற்றைத் துளித்துளியாக விட்டேன். பால்போல் வெளுத்தால் துகள்கள் ஒட்டிப் பெருத்துவிட்டன என்று அர்த்தம். வெளுக்கவில்லை. மெல்லிய நீலம் பூத்தது.

கலாநிதி குடுவையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "ராஜன், இது நனோதான்!" 'மிஸ்டர்' எங்கோ விழுந்துவிட்டது. அளந்தபோதும் நனோ என்றே வந்தது. எங்கள் கோதுத் தூளிலேயே திட்டம் கடைசிவரை ஓடியது.

இளையவர்களே, விதியை மீறச் சொல்லவில்லை. அதைக் கடைசிச் சொல் வரை வாசியுங்கள். எதைத் தடுக்கவில்லை என்பதும் அதிலேயே தெரியும்.

'அனுமதி வழங்கப்பட்டுள்ளது' என்ற பதில் என் பெயருக்கு வந்து சேர்ந்தது, நான் ஓய்வுபெற்ற மறுவாரம், செவ்வாய்க்கிழமை.